வீட்டுக்கு இத்தனை குருவி

அந்த அக்காவைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் முந்தியே அவள் போட்ட மீசையைப் பார்த்துவிட்டேன்.

கல்யாணமாகி எழுமலையிலிருந்து மதுரைக்கு வந்த புதிது. பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். சந்து முனையில் சுவரோடு ஒட்டி ஒரு தெருக்குழாய். ஒருநாள் காலையில் குடத்தோடு போனால், குழாய்க்கு மேலே சுவரில் இரண்டு கண்கள், கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட கரி மீசை. குழாய்தான் மூக்கு. தண்ணீரைத் திறந்தால் அந்த மனுசனுக்குச் சளி பிடித்து ஒழுகுகிற மாதிரி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் கணவர் லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது, ஒரு வழியும் தெரியாது. மீசையைப் பார்த்த பிறகு சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன். ரேஷன் கடைச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய கறை ஒன்று இருந்தது. யாரோ அதற்கு நான்கு கால் வைத்துக் கரடியாக்கி, கையில் ஒரு பையையும் கொடுத்திருந்தார்கள். அதுவும் சர்க்கரைக்கு நிற்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் காரை பெயர்ந்த இடம் மலையாகி, அதன்மேல் ஒரு டவுன் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. ஒரு வீட்டுச் சுவரில் நீளமாக ஓடிய விரிசல் கொடிக்கயிறாகி, அதில் ஜட்டி பனியன் காய்ந்தது. எல்லாம் உள்ளங்கை அகலம்தான். கரடியிலிருந்து வலது பக்கம் திரும்பினால் எண்ணெய்க் கடை, பஸ்ஸிலிருந்து நேரே போனால் மாவு மில் என்று நான் பழங்காநத்தத்தைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். யார் இதைச் செய்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெயில்ல அலையாத" என்றார்.

போலியோ சொட்டு மருந்து நாள் வந்தது. எங்கள் பகுதி நர்சம்மா, கொஞ்சம் படித்த பெண்களாகப் பார்த்து வேலைக்குச் சேர்த்தார். நான் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமை முகாம், அதற்கடுத்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய், விட்டுப்போன பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். குழுவுக்கு இரண்டு பேர். ஒருத்தி ஐஸ் பெட்டியைத் தூக்குவாள், இன்னொருத்தி எழுதுவாள். கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் வீட்டு எண், தேதி, ஒரு வட்டக் குறி போட வேண்டும். என்னோடு சேர்த்துவிட்ட அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தாள். பெயர் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து நான் அவளை அக்கா என்றும், அவள் என்னை எழுமலை என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

நாலைந்து வீடு முடிந்திருக்கும். நான் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தால், சுவரில் எழுதிய எட்டு என்ற எண்ணுக்கு அக்கா காதும் அலகும் வைத்துக்கொண்டிருந்தாள். ஆந்தை.

"அக்கா, நீங்கதானா?"

"எதுடி?"

"கொழாய்க்கு மீசை. ரேசன் கடைக் கரடி."

அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாருந்துச்சா?" என்றாள்.

"எதுக்குக்கா வரையுறீங்க?"

"சும்மா கெடந்துச்சு."

அவளிடம் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று இருந்தால் அவளுக்குக் கை அரிக்கும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாவு பூசின தோசைக்கல்லின் ஓரம், என் உள்ளங்கை. ஒருதடவை நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, தோலைக் கூட்டி வைத்து ஒரு கிழவன் தாடி செய்துவிட்டுப் போனாள்.

அக்காவும் அவள் தம்பியும் பஸ் நிறுத்தத்துக்கு அருகே கேசட் கடை வைத்திருந்தார்கள். சிடி வர ஆரம்பித்திருந்தாலும், பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து கேசட்டில் பதிவு செய்துகொண்டு போகிறவர்கள் அப்போது நிறையப் பேர். சௌராஷ்டிரக் குடும்பம். வாடிக்கையாளரிடம் மதுரைத் தமிழ், தங்களுக்குள் அவர்கள் மொழி. சண்டை வந்தால் அந்த மொழி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் சண்டை எதைப் பற்றி என்று தெரியும். கேசட்டின் மிச்சத்தைப் பற்றி.

"ஒரு பக்கம் முப்பது நிமிசம்டி எழுமலை. அவுங்க கேட்ட பாட்டு இருபத்தேழுல முடிஞ்சிருது. மிச்சம் மூணு நிமிசம் உஸ்ஸுன்னு சும்மா ஓடுது. பாவமா இல்ல?"

அந்த மூன்று நிமிடத்தில் யாரும் கேட்காத பாட்டை ஏற்றிவிடுவாள். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், வயரிங் வேலை செய்கிற ஒருவர், மீன் விற்கிற ஒருவர் ஆகிய மூன்று பேர், வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும்போது வந்து பாடுவார்கள். வயரிங்காரர் கையில் ஒரு கிடார், அதில் நான்கு கம்பிதான் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் காலி பெயிண்ட் டப்பாவைத் தட்டுவார். மீன்காரர் குரல், மூன்று தெருவுக்குக் கேட்கக் கூவிப் பழகின குரல். பாட்டை அவர்களே கட்டுவார்கள்.

தண்ணி வருது தண்ணி வருது தெருவுக்குள்ள,
எங்க வீட்டுக் கொடம் மட்டும் வரிசையில இல்ல.

சினிமாவில் வராத, கோயிலில் போடாத ஒரு பாட்டு இருக்க முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் குழாயடி ஒரு பாட்டுக்குள் இருந்தது. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அட்டைகளும் அக்கா கைவேலைதான். காதல் சோகப் பாட்டாகவே கேட்டு வாங்கிய ஒருவருக்கு, கொடியில் வரிசையாகக் காய்கிற பத்துக் கைக்குட்டைகளை அட்டையில் போட்டுக் கொடுத்தாள். கிறுக்கு அட்டை, கிறுக்குப் பாட்டு என்று சிலர் வந்து தம்பியைச் சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் கத்துவார். ஆனால் என் கணவர் லாரியில் ஒரு கேசட்டைக் கொண்டுபோய்விட்டு வந்து சொன்னார்: "அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் தனியா இருக்கான்னு கேளு. லைன்ல டைவருக அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க."

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அய்யய்யோ, நாந்தேன்னு சொல்லிட்டியா?" என்றாள். அதுதான் அவளுடைய இன்னொரு குணம். செய்வாள், ஆனால் செய்தது தான் என்று வெளியே தெரியக்கூடாது. வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் கை சாக்பீஸை எடுக்கும்.

ஒரு பெரிய வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட் வைத்த வீடு. பேரக்குழந்தைக்கு மருந்து கொடுத்து முடித்ததும், வீட்டுக்கார அம்மாள் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஊரும்மா?" என்றார்.

"எழுமலைங்க."

"எழுமலையில எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒரு ஏக்கர். தெருப் பெயரைச் சொன்னால் போதும், அந்தத் தம்ளர் என் கைக்கு வருமா வராதா என்பது முடிவாகிவிடும். நான் ஐஸ் பெட்டியின் மூடியை மறுபடி அழுத்தி மூடினேன். அக்கா தன் தம்ளரைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தாள்.

"எந்தத் தெருவா இருந்தாலும் பஸ்ஸு ஒண்ணுதேங்க. வாடி எழுமலை, அடுத்த வீட்டுல புள்ள காத்துக்கிட்டிருக்கு."

வெளியே வந்து கேட் சாத்தப்படுகிற வரைக்கும் நின்றாள். கேட் தூணில் தபால் போடுகிற இடைவெளி ஒன்று இருந்தது. அதை வாயாக வைத்து, மேலே ஒரு மூக்கை ஆரம்பித்தாள். மூக்கு தூணைத் தாண்டி, மதில் சுவருக்கு வந்து, சுவரோடு நீண்டு, அடுத்த வீட்டு எல்லையில் போய் மோப்பம் பிடித்தது. மூன்று தெரு தாண்டினோம். நாலாவது தெருவில் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அக்கா பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம், ஆள் போதவில்லை என்று எங்களை விளாங்குடிப் பக்கம் அனுப்பினார்கள். திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே, புதிதாக முளைத்த ஒரு குடியிருப்பு. பாதி வீடு பூசாத செங்கல். எங்கு பார்த்தாலும் சும்மா கிடக்கிற சுவர். அக்காவுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வீட்டுக் குறிக்குப் பக்கத்திலும் குருவி போட்டாள். ஒரு பிள்ளை இருந்தால் ஒரு குருவி, மூன்று பிள்ளைக்கு மூன்று. விரல் சூப்புகிற பிள்ளைக்கு, காலை அலகுக்குள் வைத்த குருவி. சளி பிடித்த பிள்ளைக்கு, மப்ளர் கட்டிய குருவி. பிறந்து பத்து நாளான குழந்தை இருந்த வீட்டுக்கு ஒரு முட்டை. மறுநாள் அந்தப் பக்கம் போனபோது பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடி, யார் வீட்டில் எத்தனை குருவி என்று பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா ஒன்றும் தெரியாதவள் போல் என் பின்னால் நடந்துவந்தாள்.

ஆறு வாரம் கழித்து அடுத்த தவணைக்குப் போனோம். குடியிருப்பின் முதல் தெருவிலேயே சத்தம் கேட்டது. முப்பது நாற்பது பேர். நடுவில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆளை லைட் கம்பத்தில் சைக்கிள் டியூபால் கட்டிவைத்திருந்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்தில் அவருடைய மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து கிடந்தது. பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் ரோட்டில் சிதறியிருந்தன.

"என்னண்ணே?" என்று ஓரமாக நின்றவரிடம் கேட்டேன்.

"புள்ள புடிக்கிறவன்மா. எந்த வீட்டுல எத்தன புள்ளைன்னு குருவி போட்டு அடையாளம் வச்சிருக்காய்ங்க. ஒரு மாசமா ஊரே தூங்கல. இன்னைக்கு மாட்டிக்கிட்டான். பையில பாரு, சாக்பீஸு."

"மூட்டையில எடை எழுதுறதுக்கு வச்சிருக்கேன்யா" என்று அந்த ஆள் முனகினார். அவர் அதை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ தெரியாது. குரலில் தெம்பு இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அவர அவுத்து விடுங்க. குருவி போட்டது நாந்தேன்."

யாரும் நம்பவில்லை. "அவனுக்குப் பரிஞ்சு பேச வந்திட்டியா? நீயும் அந்தக் கூட்டமா?" என்று பனியன் போட்ட ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் ஐஸ் பெட்டியை முன்னால் நீட்டி, சொட்டு மருந்துக்காரர்கள் நாங்கள் என்று கத்தினேன். "அப்பன்னா வரஞ்சு காட்டச் சொல்லு!" என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா சாக்பீஸை எடுத்தாள். எதிரே வெள்ளையடிக்காத பெரிய சுவர். முதல் கோடு கோணிக்கொண்டு போய், சாக்பீஸ் உடைந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு. கீழே கிடந்த துண்டைக் குனிந்து எடுத்து, இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். ஒரு குருவி. மப்ளர் கட்டிய குருவி.

"அம்மா, நம்ம வீட்டுக் குருவி!" என்றது ஒரு பிள்ளை.

டியூபை அவிழ்த்தார்கள். அந்த ஆளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. அக்காவையே பார்த்தார்.

"நீ வெளையாடுன வெளையாட்டுக்கு நான் அடி வாங்கணுமா தாயி?" என்றார்.

ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஐந்து தையல்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு வாளியும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு விளாங்குடிக்கு பஸ் ஏறினாள். நானும் போனேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "குருவி போட்டது நாந்தேன். கேக்காமப் போட்டது தப்பு. அழிச்சிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லிச் சொல்லி அழித்தோம். சிலர் வைதார்கள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. முட்டை போட்ட வீட்டுப் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அது மட்டும் இருக்கட்டுமே" என்றாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அதையும் துடைத்தாள். பிள்ளைகள் வாளியைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தன. இந்தத் தகவல் போன பிறகு நர்சம்மா கூப்பிட்டு, இனிமேல் எண், தேதி, வட்டம் தவிர ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்றார். அக்கா சரி என்றாள்.

அந்த ஆளைத் தேடி இரண்டு முறை போனோம். முதல் முறை பேச மறுத்துவிட்டார். இரண்டாவது முறை, அக்கா கொண்டுபோயிருந்த பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "உனக்கு எழுத வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"என் வண்டியில எழுது. என் பேரு, என்ன வாங்குறேன், எந்த ஊருன்னு எழுது. தூரத்துல வாரப்பவே தெரியணும். நாளைக்கு எந்தத் தெருவுக்குள்ள போனாலும் எவனும் நீ யார்ரான்னு கேக்கக்கூடாது."

சுப்பையா என்று அவர் பெயர். அக்கா வண்டியின் இரண்டு பக்கப் பலகைக்கும் நீல வண்ணம் அடித்து, மஞ்சளில் சாண் உயரத்துக்கு எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கேல் வைத்து எழுதினாள். முடித்த பிறகு பலகையின் வலது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடம் மிஞ்சியது. தூரிகையில் மஞ்சள் பாக்கி இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

"ஐயா, இங்கன சின்னதா ஏதாச்சும் போடட்டா?"

"ஒண்ணும் வேணாம். எழுத்து போதும்" என்றார் சுப்பையா.

அக்கா தூரிகையை டப்பாவில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு கேசட்டுகளின் கடைசி மூன்று நிமிடம் வெறுமனே ஓடியது. கேட்டவர்களுக்கு மட்டும் தனியாக அந்த மூவரின் பாட்டைப் பதிந்து கொடுத்தாள், அட்டையில் அவர்கள் பெயரையும் எழுதினாள். மீன்காரர் தன் பெயர் அச்சு மாதிரி இருப்பதைப் பார்த்து நான்கு அட்டை கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடத்தில் என் கணவருக்குத் திருப்பூரில் நிரந்தர வேலை கிடைத்து நாங்கள் போய்விட்டோம். பிறகு ஒருமுறை வந்தபோது கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. அக்கா குடும்பம் வீடு மாற்றிக்கொண்டு போன இடத்தை யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் திருப்பூருக்குப் போவதற்கு முந்தி, கடைசியாக ஒரு தவணைக்கு அக்காவோடு அதே விளாங்குடிக் குடியிருப்புக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் மருந்து கொடுத்து, குறி போட்டு முடித்ததும், அங்கே இருந்தவர்களிடமே அக்கா கேட்டாள்.

"உங்க செவத்துல ஒரு படம் வரையட்டுமா?"

நர்சம்மா சொன்னது ஞாபகம் வந்து அக்காவின் முந்தானையை இழுத்தேன். "வேணாம்மா" என்றார்கள் முதல் வீட்டில். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். இரண்டாவது வீட்டில் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில், அன்று கையை ஓங்கிக்கொண்டு வந்த அந்தப் பனியன்காரர் நின்றார். எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம்" என்று மட்டும் சொன்னார். இப்படி ஏழு வீடு. "விடுங்கக்கா, போவோம்" என்றேன். "கேக்குறதுல என்ன?" என்றாள்.

எட்டாவது வீட்டில் ஒருவர் வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் சோப்பு நுரை. அக்கா கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன வரைவ?"

"நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். "மாடு போடுவியா? எங்க மாடு தையில செத்துப்போச்சு. ஒம்போது வருசம் பால் குடுத்துச்சு. ஒரு போட்டாகூட எடுத்து வைக்கல."

"எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று அக்கா சுவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

கொம்பு எப்படி? ஒன்று நேர், ஒன்று கீழே வளைந்தது. எந்தக் கொம்பு? இடது. நெற்றியில் சுட்டி உண்டா? இல்லை, ஆனால் காதுக்குள் மட்டும் வெள்ளை முடி. ஆளைப் பார்த்தால் தலையைத் தூக்குமா, தாழ்த்துமா? தாழ்த்தும், சொறியச் சொல்லி. அக்கா கேட்டுக்கேட்டு ஒவ்வொரு கோடாகப் போட்டாள். "இல்ல, இம்புட்டு வளையாது" என்றார் அவர். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "வாலு இன்னும் குட்டை. நாய் கடிச்சிருச்சு." வாலை அழித்தாள். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்று, கழுத்தில் மணி இருந்ததை ஞாபகப்படுத்தினார். எங்களுக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. ஐஸ் பெட்டியை நிழலில் நகர்த்தி வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் எழுந்துவந்து, அக்காவின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார். வளைந்த கொம்புக்குக் கீழே, நெற்றி இருந்த இடத்தில் விரலை வைத்து மெல்லச் சொறிந்தார். சாக்பீஸ் தூள் அவர் நகத்தில் ஒட்டியது. கன்னத்துச் சோப்பு நுரை எப்போதோ காய்ந்துபோயிருந்தது.